விறாந்தைத் தோட்டமும் முதற்பொருளும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே தோட்டத்துக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். நியாயமான கேள்விதான். உயர்தர வகுப்புக்கு இருபது வருடமாக அகத்திணை கற்பித்து வருபவன் நான். முதல், கரு, உரி என்று கரும்பலகையில் மூன்று நிரல் கீறுவேன். ஐந்து நிலத்துக்கும் உரியவற்றை அந்த நிரல்களிலே நிரப்புவேன். மாணவர்கள் அதனை மனனஞ் செய்து எழுதி நல்ல புள்ளியும் எடுத்துவிடுவார்கள். அந்த மூன்று நிரல்களில் நிலமும் பொழுதும் ஏன் முதலில் நிற்கின்றன, தெய்வமும் உணவும் மரமும் புள்ளும் ஏன் அடுத்ததாக வருகின்றன என்று ஒரு மாணவராவது என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அதைக் கேட்கவைத்தது ஒரு கறிவேப்பிலைக் கன்று.

நான் இப்போது இருப்பது நுவரெலியாவில். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் உள்ள ஊர். பிறந்ததோ வலிகாமம் வடக்கிலே, கடற்காற்று முற்றம்வரை வந்து போகும் ஒரு கிராமத்தில். 1990ஆம் ஆண்டு ஆனி மாதம் அந்த ஊரைவிட்டு வெளியேறியபோது எனக்குப் பத்து வயது. அதன்பின் நாங்கள் இருந்த வீடுகளை நான் எண்ணிப் பார்ப்பதில்லை. 1995ஆம் ஆண்டின் பெரிய இடப்பெயர்வும் அந்தக் கணக்கில் ஒன்று. பேராதனையிலே படித்து, மலையகத்தில் நியமனம் பெற்று, இங்கேயே தங்கிவிட்டேன். 2017இல் அப்பா காலமானபின் அம்மாவையும் இங்கே அழைத்து வந்தோம்.

அடுத்த வருடம் எங்கள் காணி விடுவிக்கப்பட்டது என்று செய்தி வந்தது. அம்மாவும் நானும் போனோம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரக் கல் மட்டுந்தான் இருந்தது. கிணறு தூர்ந்து கிடந்தது. அம்மா அழுவார் என்று எதிர்பார்த்துத் தண்ணீர்ப் போத்தலைக் கையில் வைத்திருந்தேன். அவர் அழவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனார். பற்றைக்குள்ளே கையை விட்டு விலக்கினார். அங்கே ஒரு கறிவேப்பிலை மரம். அவர் கலியாணம் செய்து வந்த வருடம் நட்ட மரமா, அதன் வேரிலிருந்து கிளம்பிய பிள்ளை மரமா என்று எனக்குத் தெரியாது. அம்மா தம்முடைய மரம் என்றுதான் சொல்கிறார். அதன் வேரிலே வெடித்திருந்த கன்றொன்றை ஓட்டுத் துண்டால் கிண்டி எடுத்து, ஈரத்துணியில் சுற்றி, பால்மாப் பேணி ஒன்றில் வைத்து, கண்டி வழியாக நுவரெலியா வரும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.

கறிவேப்பிலை வெப்ப நிலத்து மரம். நுவரெலியாவில் அது தழைக்காது என்பது அம்மாவுக்கும் தெரிந்ததுதான். "இஞ்சை உது வராது தம்பி" என்று சொல்லிக்கொண்டேதான் முற்றத்தில் நட்டார். 2019ஆம் ஆண்டு தை மாதத்து விடியற்காலை ஒன்றில் புல்லெல்லாம் உப்புத் தூவினாற்போல் வெள்ளையாகக் கிடந்தது. வானிலை அறிக்கையிலே துகள் உறைபனி என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். வெயில் ஏறியபோது கன்றின் இலைகள் வெந்ததுபோற் கறுத்துத் தொங்கின. தண்டின் அடியிலே இரண்டங்குலம் மாத்திரம் பச்சை. அம்மா ஒன்றுஞ் சொல்லாமல் அந்த அடியை மண்ணோடு தோண்டி, மறுபடியும் பேணிக்குள் வைத்து, குசினி அடுப்படியிலே கொண்டுபோய் வைத்தார். ஒரு வருடத்துக்கு மேலாக அது அங்கேதான் இருந்தது, இரண்டு மூன்று இலையோடு.

எங்கள் வாடகை வீடு பழைய காலத்துக் கருங்கல் வீடு. முன்பக்கத்தில் தெற்கு நோக்கி ஒரு விறாந்தை. நீளம் பதினெட்டு அடி, அகலம் எட்டு அடி, முன்னால் இரண்டடி அரைச்சுவர், மேலே தகரக் கூரை. 2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு வந்து வீட்டோடு அடைபட்டிருந்தபோது, இந்த விறாந்தையைப் பச்சைவீடாக்கினால் என்ன என்று தோன்றியது. பொலித்தீன் கிடைத்தது. மூன்று பக்கமும் இறுக்கி அடைத்தேன். பேணிக் கன்றைக் கொண்டுவந்து வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம். ஆசை விடவில்லை. அம்மாவின் பழைய வளவிலே என்னென்ன நின்றன என்று அவரிடமே கேட்டுக் கேட்டு ஒரு பட்டியல் எழுதினேன். கத்தரி, வெண்டி, பயற்றங்காய், பசளி, தூதுவளை, முசுட்டை, முடக்கொத்தான், செவ்வரத்தை. கிடைத்த விதையையெல்லாம் கிடைத்த சாடிகளில் ஊன்றி, இடமுள்ள இடத்திலெல்லாம் வைத்தேன்.

ஆடி பிறக்குமுன் எல்லாம் போய்விட்டது. வெண்டி நூல்போல் நெடுத்து ஒடிந்தது. பயற்றங்கொடியில் சாம்பல் படர்ந்தது. பொலித்தீனின் உட்பக்கத்தில் நீர் துளித்துத் துளித்து விழுந்து, கத்தரி இலையெல்லாம் பூஞ்சணம். கறிவேப்பிலை ஒன்றுதான் சாகவுமில்லை, வளரவுமில்லை. அம்மா அதை மீண்டும் அடுப்படிக்குக் கொண்டுபோனார். அந்த வேளையில் அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை என்பதே சரி.

இந்தத் தோல்வியை நான் சொல்லிப் புலம்பியபோது, எங்கள் கல்லூரியில் விவசாயம் கற்பிக்கும் சக ஆசிரியர் ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வாசிக்கத் தந்தார். பேர்மாகல்ச்சர் என்று இன்று உலகெங்கும் பேசப்படும் முறையைப் பற்றியது. நிலைபேறு, வேளாண்மை என்ற இரண்டு சொற்களை ஒட்டி ஆக்கிய பெயர். அவுஸ்திரேலியாவின் தெற்கேயுள்ள தஸ்மேனியாத் தீவிலே பில் மொலிசன் என்பவரும் அவருடைய இளம் நண்பர் டேவிட் ஹொல்ம்கிரன் என்பவரும் சேர்ந்து 1978ஆம் ஆண்டில் இதைப்பற்றி முதல் நூலை வெளியிட்டார்கள். மொலிசன் 2016இல் மறைந்தார். ஹொல்ம்கிரன் 2002இல் எழுதிய நூலில் இம்முறைக்குப் பன்னிரண்டு நெறிகள் கூறுகிறார். அவற்றில் முதலாவது நடுவதோ கொத்துவதோ அல்ல. அவதானித்தல்.

வெயில் எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது, காற்று எந்தத் திசையால் அடிக்கிறது, குளிர் எங்கே தேங்குகிறது, நீங்கள் ஒரு நாளில் எத்தனை தடவை அந்தப் பக்கம் நடக்கிறீர்கள், இவற்றையெல்லாம் பார்த்து முடித்த பின்புதான் எதை நடுவது என்ற பேச்சு வரும். வீட்டுக்கு மிக அண்மையான இடத்தில் தினமும் கைபடவேண்டியவற்றை வைக்க வேண்டும். குசினிக் கதவிலிருந்து பத்து அடிக்குள் கீரையும் கறிவேப்பிலையும். தூரம் போகப்போகப் பராமரிப்புக் குறைந்த மரங்கள்.

இதை வாசித்துக்கொண்டிருந்த இரவிலேதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் செய்தது என்ன? கருப்பொருளின் பட்டியலை எழுதிக்கொண்டு தொடங்கினேன். நெய்தல் நிலத்து வீடொன்றின் கருப்பொருளைக் குறிஞ்சி நிலத்து விறாந்தை ஒன்றிலே பரப்பினேன். நிலமும் பொழுதும் எவை என்று பார்க்கவேயில்லை. இருபது வருடம் கரும்பலகையில் முதல் என்று எழுதியவன், முதலை விட்டுவிட்டான்.

தொல்காப்பியரே பேர்மாகல்ச்சரைக் கண்டுபிடித்தார் என்று சொல்ல நான் வரவில்லை. அப்படிச் சொல்வோர் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களால் தொல்காப்பியத்துக்கும் நன்மையில்லை, தோட்டத்துக்கும் நன்மையில்லை. தொல்காப்பியர் செய்யுளுக்கு இலக்கணம் சொன்னார். ஆனால் அந்தச் செய்யுளைப் பாடியவர்கள் நிலத்தைப் பார்த்துப் பழகியவர்கள். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும், முல்லைக்குக் கார்காலமும் மாலையும் என்று பொழுது வகுத்தது மனக்கணக்கு அல்ல. கருப்பொருள் என்ற தொகுதியும் அப்படித்தான். ஒரு நிலத்திலே ஒன்றாக வாழ்பவை இவை என்று மரத்தையும் விலங்கையும் உணவையும் தொழிலையும் சேர்த்துப் பார்க்கும் பார்வை அது. ஒன்றுக்கொன்று துணையாகும் செடிகளையும் உயிர்களையும் கூட்டமாகச் சேர்த்து நட வேண்டும் என்று மொலிசன் சொல்வதை வாசிக்கும்போது, நிரல் கீறிப் படிப்பித்த என் கைக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சரி, அவதானிப்போம் என்று தீர்மானித்தேன். 2021 தைப்பிறப்பன்று தொடங்கி, ஒவ்வொரு மாதப் பிறப்பிலும் காலை எட்டு மணி, நண்பகல், பிற்பகல் மூன்று மணி என மூன்று வேளையும் விறாந்தைத் தரையில் வெயிலின் எல்லையை வெண்கட்டியால் கோடு போட்டு, மாதத்தின் பெயரை அருகில் எழுதினேன். மப்பு என்றால் அடுத்த நாள். மழை என்றால் வெயில் வரும் நாள்வரை காத்திருப்பு. பள்ளிக்கூடத்து வெண்கட்டி பல, வீட்டுத் தரையில் தேய்ந்தன என்பதை அதிபர் கேட்டுக்கொண்டிருந்தால் மன்னிப்பாராக. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "கூட்டவும் ஏலாது, கழுவவும் ஏலாது, பேய்க்குக் கோடு கீறினமாதிரி" என்று முணுமுணுத்தார். ஆயினும் கோடுகளை அழிக்காமற் கூட்டப் பழகிக்கொண்டார். மழை இழுத்து அழித்த இடத்தை அவரே கீறி வைத்த நாளும் உண்டு.

அந்தக் கோடுகள் சொன்ன சேதி இது. மார்கழியிலும் தையிலும் காலை எட்டு மணி வெயில் கிட்டத்தட்டப் பின்சுவர்வரை போகிறது. நண்பகலிலோ அரைச்சுவரைத் தாண்டி நாலடியோடு நின்றுவிடுகிறது. பங்குனிப் பிறப்பன்று அரைச்சுவரின் உட்பக்கத்தோடு நின்றது. சித்திரை தொடங்கி ஆவணி கழியும்வரை நண்பகல் வெயில் விறாந்தைக்குள் வரவேயில்லை. காரணம் எளிது. நாம் இருப்பது பூமத்தியரேகைக்கு ஏழு பாகை வடக்கே. சித்திரைப் புத்தாண்டுக்கு ஏறக்குறைய ஒரு கிழமை முன்பு சூரியன் எங்கள் தலைக்கு நேரே உச்சம் கொடுக்கிறது. பிறகு வடக்கே போய், ஆவணியில் மறுபடியும் உச்சிக்கு வந்துதான் தெற்கே இறங்குகிறது. அந்த இடைக்காலம் முழுவதும் தெற்கு நோக்கிய விறாந்தைக்குக் கூரை நிழலேயன்றி வெயில் இல்லை. போதாக்குறைக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும் முகிலும் இங்கே அடைந்து நிற்பது அதே மாதங்களில். ஆனி ஆடியில் என் வெண்டி ஏன் நூலாய்ப் போனது என்று இப்போது விளங்கியது. பனிக்குப் பயந்து கட்டினேன். அழித்தது பனியன்று, நிழலும் ஈரமும்.

ஆசிரியப் பயிற்சியிலே எங்களுக்கு முதலாவதாகச் சொல்லித்தந்த பாடம், மாணவருக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது என்ன என்று அறியாமல் பாடக்குறிப்பு எழுதாதே என்பது. டிப்ளோமாப் பரீட்சைக்கு நான் அதைப் பக்கம் பக்கமாக எழுதியவன்.

குளிரைப் பற்றி எனக்குப் பாடம் சொன்னவர் புத்தகக்காரர் அல்லர். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை, அருகிலுள்ள தோட்டமொன்றில் வேலை செய்பவர். மகளின் தேர்ச்சி அறிக்கை வாங்க வந்தவர், எங்கள் முற்றத்தைப் பார்த்துவிட்டு, கீழே எல்லையில் அடர்த்தியாக நின்ற சைப்பிரஸ் வேலியைக் காட்டி, "குளிரு தண்ணி மாதிரிங்க சேர். மேலருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். நீங்க இங்க அணை கட்டி வச்சிருக்கீங்க" என்றார். தெளிந்த, காற்றில்லாத இரவிலே நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையைத் தொட்டு நிற்கும் காற்றும் குளிர்ந்து, கனத்து, சரிவு வழியே வழிந்து பள்ளத்திலே தேங்குகிறது. பௌதிகப் பாடத்திலே உள்ளதுதான். ஆனால் என் வேலியை அணை என்று பார்க்க எனக்கு அவர் தேவைப்பட்டார். வேலியின் அடிப்பாகத்தில் மூன்றடி அகலத்துக்கு வெட்டி வழிவிட்டோம். அடுத்த உறைபனிக் காலையில் முற்றத்தின் கீழ்ப்பாதியில் முன்போல வெள்ளை பரவவில்லை.

அவருடைய லயத்தைப் பிறகு போய்ப் பார்த்தேன். காம்பிராவுக்கு முன்னே ஒரு பாயை விரித்த அளவு நிலம். அதிலே லீக்ஸ், போஞ்சி, கொத்தமல்லி, வல்லாரை, ஓரத்தில் மரத்தக்காளி, குளிர் விழும் மாதத்தில் போர்த்த மானாப்புல் கட்டு. ஓர் அங்குலம் வீணில்லை. எந்த வகுப்பிலும் யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததல்ல. மலையகத்துக்கு எம்மக்கள் வந்து இருநூறு ஆண்டு என்று 2023இல் நினைவுகூர்ந்தோம். எங்களுக்குக் காணி பறிபோய்த் திரும்பி வந்தது என்று நான் கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இவர்களிற் பெரும்பாலோருக்குத் தம் பெயரில் காணி என்று ஒன்று இருந்ததேயில்லை. அந்தப் பாயளவு நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

2022 வந்தது. அந்த வருடத்தை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. வரிசைகள், விலைகள். முந்திய வருடம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்ததன் அடி இங்குள்ள மரக்கறித் தோட்டக்காரரை ஏற்கெனவே சாய்த்திருந்தது. ஆனி மாதத்தில் அரச ஊழியருக்கு வீட்டுத்தோட்டம் செய்யவென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை என்ற அறிவித்தலும் வந்தது. எதையாவது நடுங்கள் என்பதே அன்றைய பேச்சு. எங்கே, எப்போது என்று எவரும் பேசக் கேட்கவில்லை. நான் மட்டும் என்ன திறம், இரண்டு வருடத்துக்கு முன்பு அதையே செய்தவன்தானே.

புதிய பொலித்தீன் வாங்கும் விலையில் இல்லை. அது நல்லதாய்ப் போயிற்று. இடித்த பழைய வீடொன்றின் யன்னல் சட்டங்கள் கண்ணாடியோடு கிடைத்தன. அவற்றை முன்பக்கத்திலும் காலை வெயில் வரும் கிழக்குப் பக்கத்திலும் பொருத்தினோம். பருவக்காற்று அடிக்கும் மேற்குப் பக்கத்தைப் பலகையால் அடைத்தோம். அரைச்சுவரை ஒட்டிக் கீழே சில துவாரங்கள், கிழக்கு மூலையிலே உச்சியில் ஒரு திறப்பு. சூடான ஈரக்காற்று மேலே போக, புதுக்காற்று கீழே வரும். முதல்முறை நான் விட்ட பெரும் பிழை இது.

பெரிய வேலை கூரை. தகரத்தின் நடுவிலே, முன் விளிம்பிலிருந்து மூன்றாம் அடிக்கும் ஆறாம் அடிக்கும் இடையில், ஒளிபுகும் தகடு போட வேண்டும் என்று என் கோடுகள் சொல்லின. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற சிங்களப் பெரியவர். தகரத்தைக் கழற்றுவதா என்று முதலில் திகைத்தார். தரையில் இருந்த கோடுகளையும் மாதப் பெயர்களையும் காட்டி விளக்கினேன். குனிந்து நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். கழற்றும் தகரத்தைப் பத்திரமாக வைத்து, வீட்டை விடும்போது பழையபடி போட்டுத்தர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்.

அந்தத் திறப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூரையில் வெட்டிய இடத்துக்கு நேர்கீழே வெயில் விழும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனியிலே சூரியன் வடக்கே நிற்பதால் ஒளி தெற்குப் பக்கமாகச் சரிந்து, இரண்டடிக்கு மேல் தள்ளி, முன்பாத்தியிலே விழுகிறது. தையிலே சூரியன் தெற்கே நிற்பதால் அதே திறப்பின் ஒளி வடக்கே நாலடி தள்ளிப் பின்சுவரில் விழுகிறது. ஒரே திறப்பு, இரண்டு பருவத்துக்கு இரண்டு வேலை. நிழலால் செடி வாடிய மாதத்தில் செடிக்கு வெயில். பனி வரும் மாதத்தில் சுவருக்கு வெயில்.

சுவருக்கு ஏன் வெயில் என்பீர்கள். பின்சுவரை ஒட்டி இருநூறு லீற்றர் பீப்பாக்கள் மூன்றை வைத்து, கறுப்புப் பூசி, தண்ணீர் நிரப்பியிருக்கிறோம். தண்ணீர் சூடாவதும் தாமதம், ஆறுவதும் தாமதம். அதே எடையுள்ள கல்லைவிட நாலைந்து மடங்கு வெப்பத்தை அது ஏற்று வைத்திருக்கும். பகலில் வாங்கியதை இரவிலே மெல்ல மெல்ல விடும். கருங்கற் சுவரும் தன் பங்குக்கு உதவும்.

பாத்திகளின் கதை சுருக்கமானது. சீமெந்துத் தரை என்பதால் பலகை அடித்து ஒன்றரை அடி உயர்த்தினோம். அப்போதுதான் அரைச்சுவரின் நிழல் செடியின்மேல் விழாது. முன்பாத்தி இரண்டரை அடி அகலம், நடக்க ஒன்றரை அடி, பின்பாத்தி இரண்டடி, மிச்சம் பீப்பாவுக்கு. முன்பாத்திக்கு இரண்டரை அடி என்றது என் கணக்கல்ல. அம்மாவை முக்காலியில் இருத்தி, கையை நீட்டச் சொல்லி அளந்தது. கை எட்டாத பாத்தி களைக்குத்தான் சொந்தமாகும். நடுவிலே ஓரிடத்தில் முன்பாத்தியைத் திறவுகோல் துவாரம்போல் உள்ளே குடைந்து, முக்காலி நுழைய இடம் விட்டோம். அடியிலே செங்கல் உடைசல், அதன்மேல் தேயிலைக் கவ்வாத்து மிலாறு, காய்ந்த சருகு, மாட்டெரு, மண் எனப் படைபடையாகப் போட்டோம். மிலாறு மாணவியின் தந்தை கட்டிக் கொண்டுவந்தது. மலையக மண் புளிப்பு மண். தேயிலைக்கு அது சுகம், கத்தரிக்கு அல்ல. சுண்ணாம்புக் கல்லின்மேற் கிடக்கும் எங்கள் ஊர் மண்ணோ அதற்கு நேர்மாறு. ஆகவே டொலமைற் தூள் கலந்தோம். அம்மா ஒரு பிடி மண்ணை மணந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

இப்போதுதான் பட்டியலுக்கு வந்தோம். முன்பு எழுதிய பட்டியலை அம்மாவே கையில் எடுத்தார். வெண்டியை அடித்தார். பயற்றையை அடித்தார். முருங்கையைப் பற்றி நான் வாய் திறக்குமுன் "கூரையை என்ன செய்யப்போறாய்" என்று கேட்டார். எஞ்சியவை முன்பாத்தியில் இரண்டு கத்தரி, மிளகாய், ஓரத்தில் பசளி, நிழல் விழும் மேற்கு மூலையில் வல்லாரை, கிழக்குத் தூணில் தூதுவளை, வாசற்படியருகே துளசி. பின்பாத்தியின் நடுவிலே, பீப்பாக்களுக்கு முன்னே, கறிவேப்பிலை. வேறொன்றும் அதன் அருகில் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். அடுத்து என்ன நடலாம் என்று புத்தகத்தில் இருந்ததை நான் சொல்லவில்லை.

தொல்காப்பியத்தின் அகத்திணையியலிலே ஒரு விதி உண்டு. ஒரு நிலத்துக்குரிய பூவும் பறவையும் தத்தமக்குரிய நிலத்தையும் பொழுதையும் விட்டு வேறிடத்தில் வந்தாலும், அவை வந்து சேர்ந்த நிலத்தின் பொருளாகவே கொள்ளப்படும் என்பது அதன் கருத்து. திணைமயக்கத்தை விளக்கும்போது நான் இதை ஒரு நிமிடத்தில் கடந்துபோவது வழக்கம். பரீட்சையில் அதிகம் வராத பகுதி. கருப்பொருளுக்குச் சொன்னது இது. மனிதருக்கு உரியது உரிப்பொருள். அது மயங்குவதற்கு அங்கே இடமில்லை. நெய்தலின் இரங்கல் நெய்தலோடுதான். குளிர்மலையிலே எங்கள் வீட்டுக் குசினிக்குள் அது குடியிருந்ததை நான் ஐந்து வருடம் பார்த்தேன். இந்த விதியைச் செடிக்குச் சொன்னதோடு ஏன் நிறுத்தினார் என்று கேட்டால், எனக்குப் பதில் இல்லை. கேள்வி மட்டும் உண்டு. இப்போது வகுப்பிலே அதைக் கேட்கிறேன்.

2023 தை மாதம் முதற் சோதனை. வானம் கழுவி விட்டாற்போலத் தெளிந்து, காற்றே இல்லாத இரவு. நாலு மணிக்கு விழித்தேன். அம்மா எனக்கு முந்தியே எழுந்து, போர்வையோடு முக்காலியில் இருந்தார். வெளியே புல் வெளுத்திருந்தது. உள்ளே கண்ணாடியில் மட்டும் பனி பூத்திருந்தது. வெப்பமானி ஒன்பது பாகை காட்டியது. அம்மா பீப்பாவில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். வெதுவெதுப்பென்று சொல்ல முடியாது. ஆனால் குளிரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று பனிக்காலம் கடந்துவிட்டது. கறிவேப்பிலை என் நெஞ்சளவு நிற்கிறது. கத்தரியில் ஒரு வருடம் காய்க்கவில்லை. பூச்சியா, என் அவசரமா என்று இன்னும் வழக்கு நடக்கிறது. சொதிக்கு இலை கிள்ளும்போதெல்லாம் "மணம் காணாது" என்பது அம்மாவின் தீர்ப்பு. ஊர் மரத்து இலையின் மணம் இதற்கு வராது என்கிறார். எனக்கு வேறுபாடு தெரியவில்லை என்று ஒருமுறை சொன்னேன். இனிச் சொல்லமாட்டேன்.

சென்ற மாசியில் கறிவேப்பிலையின் வேரிலே இரண்டு பிள்ளைக் கன்றுகள் வெடித்தன. அம்மா இரண்டையும் தனித்தனிப் பேணிகளில் பிரித்து வைத்தார். ஒன்று ஊர்க் கிணற்றடிக்குக் கொண்டுபோக என்று சொன்னார். எப்போது போவது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மற்றது யாருக்கு என்றும் சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து, என் மாணவி தன் தந்தையோடு வீட்டுக்கு வந்தாள். பெறுபேறு வந்திருந்தது, தமிழில் விசேட சித்தி. காலில் விழப்போனவளை அம்மா பிடித்து நிறுத்தினார். உள்ளே போய் ஒரு பேணியை எடுத்து வந்தார். கொடுக்கவில்லை. கையிலே வைத்துக்கொண்டே நின்றார்.

"பிள்ளை, உங்கடை காம்பிராவுக்கு முன்னாலை காலமை வெய்யில் எந்தப் பக்கத்தாலை வருது?" என்று கேட்டார்.

அவள் தந்தையைப் பார்த்தாள். அவர் யோசித்து, தையில் ஒரு பக்கம், ஆனியில் இன்னொரு பக்கம் என்று சொல்லத் தொடங்கினார். அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய் வெண்கட்டி எடுத்து வந்தேன்.